அடித்த கையும் எழுதிய கையும்

அவையோருக்கு வணக்கம்.

ஒரு காகிதத்திலிருந்து தொடங்குகிறேன். ஆப்பிரிக்காவில் சாட் என்று ஒரு நாடு. 1982 முதல் 1990 வரை அதை ஆண்டவர் இசேன் ஹப்ரே. தலைநகரில் ஒரு பழைய நீச்சல் குளத்தின் மேல் கான்கிரீட் போட்டு மூடி, உள்ளே அறை அறையாகத் தடுத்துச் சிறையாக்கியிருந்தார்கள். போர்க் கைதிகள் சிலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்து கோரிக்கை வருகிறது. அந்தத் தாளின் மேலேயே பேனாவால் ஒரு குறிப்பு: இனிமேல் எந்தப் போர்க் கைதியும் சிறையை விட்டு வெளியே போகக் கூடாது, செத்தால் ஒழிய.

எழுத்து ஹப்ரேயுடையது என்று நிபுணர் உறுதி செய்தார். ஹப்ரே ஆட்சி கவிழ்ந்து ஓடிப்போய்ப் பத்து வருடம் கழித்து, 2001-ல், ரகசியப் போலீஸின் கைவிடப்பட்ட அலுவலகத்தில் தூசிக்குள் கிடந்தன அந்தக் கோப்புகள். காவலில் இறந்த 1,208 பேரின் விவரம் அவற்றில் இருந்தது. கொடுமை செய்தவர்கள் எவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

சித்திரவதை வழக்கில் அடித்த ஆளைக் கண்டுபிடிப்பது ஓரளவு சுலபம். அடிபட்டவருக்கு முகம் மறக்காது. ஆனால் கேட்டால் அவன், "மேலிடத்து உத்தரவு" என்பான். மேலிடத்தில் கேட்டால், "அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது" என்பார்கள். இருவரும் ஒருவரையொருவர் கை காட்டி, இருவருமே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

1984-ல் ஐ.நா. கொண்டுவந்த சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கை இந்த இரண்டு கதவையும் அடைக்கப் பார்க்கிறது. மேலதிகாரி உத்தரவு சாக்காகாது. அதிகாரி தானே அடிக்க வேண்டியதில்லை, தெரிந்து சம்மதித்திருந்தாலும் அது சித்திரவதைதான். போர், அவசரநிலை எதையும் காரணம் காட்ட முடியாது. குற்றவாளி எந்த உறுப்பு நாட்டில் ஒளிந்தாலும், அந்த நாடு அவரை ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் தானே வழக்கை எடுக்க வேண்டும்.

சரி, கதவு அடைபட்டதா? ஜன்னல் திறந்தார்கள். 2002 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை வக்கீல்கள் ஒரு குறிப்பு எழுதினார்கள். உறுப்பு செயலிழப்பதற்கோ மரணத்துக்கோ ஈடான வலி இருந்தால்தான் சித்திரவதை என்றது அது. 2004-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். எழுதியவர்கள் மீதோ உத்தரவு போட்டவர்கள் மீதோ அமெரிக்காவில் குற்ற வழக்கு எதுவும் வரவில்லை. தடி எடுத்தவனைவிட, தடிக்கு இலக்கணம் எழுதிக் கொடுத்தவன் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். படித்தவன் அல்லவா!

பெரிய பதவியே கவசம் என்ற எண்ணத்தை முதலில் பலமாக ஆட்டியது பினோசே வழக்கு. சிலியின் முன்னாள் சர்வாதிகாரி சிகிச்சைக்கு லண்டன் போன இடத்தில், 1998 அக்டோபரில் கைதானார். முன்னாள் நாட்டுத் தலைவர் என்ற விலக்கு சித்திரவதைக்குச் செல்லாது என்று, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆனால் 1988 டிசம்பருக்குப் பிறகு நடந்தவை மட்டும்தான் கணக்கு என்றும் சொன்னார்கள். பிரிட்டன் உடன்படிக்கையை ஏற்றதே அப்போதுதானாம். பெரும்பாலான கொடுமைகள் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. கடைசியில் உடல்நிலையைக் காட்டி அவர் சிலிக்கே திரும்பிவிட்டார்.

ஹப்ரே ஒளிந்தது செனகலில். பாதிக்கப்பட்டவர்கள் 2000-லேயே அங்கே வழக்குப் போட்டார்கள். செனகல் இழுத்தடித்தது. அவரைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்ட பெல்ஜியம், சர்வதேச நீதிமன்றம் வரை போக, 2012-ல் அது, "தாமதிக்காமல் விசாரியுங்கள், அல்லது ஒப்படையுங்கள்" என்றது. அப்புறம்தான் ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து தனி நீதிமன்றம் அமைந்தது. விசாரணை தொடங்கியபோது ஹப்ரே வர மறுக்க, காவலர்கள் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். விசாரணை முழுக்க அவர் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. 2016 மே 30-ல் ஆயுள் தண்டனை.

மேல்முறையீட்டிலும் தண்டனை நின்றது. 7,396 பேருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் உத்தரவானது. 2021-ல் ஹப்ரே இறந்தபோது, அந்தப் பணத்தில் ஒரு காசுகூட அவர்களில் யார் கைக்கும் வந்திருக்கவில்லை.