மைக் கேப்ஸ்யூல் சூடு தாங்காது: எலெக்ட்ரெட் மைக்கை சால்டர் பண்றது எப்படி?

[திரையில்: ஒரு எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல், பின்பக்கம் கேமராவைப் பார்த்து]

காலர் மைக், ஹெட்செட், இன்டர்காம்... பெரும்பாலும் எல்லாத்துக்குள்ளயும் இருக்கிறது இந்த மாதிரி ஒரு சின்ன கேப்ஸ்யூல்தான். வயர் அறுந்துபோனா நாமே சால்டர் பண்ணிடலாம்னு உட்காருவோம். வயர் நல்லா பிடிச்சுக்கும், மைக்கும் வேலை செய்யும். ஆனா குரல் தூரத்துல கேட்கும், வால்யூமைக் கூட்டினா இரைச்சலும் கூடவே ஏறும். உடனே ஆம்ப் மேலயும் கேபிள் மேலயும் சந்தேகம் வரும். முதல்ல சந்தேகப்பட வேண்டியது சால்டரிங் அயனைத்தான்.

[அனிமேஷன்: கேப்ஸ்யூலின் உள்பக்கம்]

1962-ல அமெரிக்காவுல, பெல் ஆய்வகத்துல கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் இந்த ஃபாயில் எலெக்ட்ரெட் மைக்கை உருவாக்கினாங்க. அதுவரைக்கும் கண்டென்சர் மைக்குக்கு வெளியில இருந்து உயர் வோல்டேஜ் கொடுத்துக்கிட்டே இருக்கணும். இவங்க மெல்லிசான டெஃப்ளான் படலத்துலயே மின்னூட்டத்தை ஏத்தி, அங்கேயே தங்க வச்சுட்டாங்க. இவ்வளவு மலிவான பொருள்ல இவ்வளவு அழகான யோசனை இருக்கேன்னு எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான்.

அந்த மின்னூட்டத்துக்கு எதிரி சூடு. படலம் சூடானா உள்ள சிக்கியிருக்கிற மின்னூட்டம் நகர ஆரம்பிச்சு கசிஞ்சு போயிடும். ஆறின பிறகு அது திரும்பி வராது.

இதுல மல்டிமீட்டரும் உதவாது. கேப்ஸ்யூலுக்குள்ள ஜேஃபெட்னு ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருக்கு. நீங்க அளக்கிற டிசி வோல்டேஜ் அதோட நிலையை மட்டும்தான் சொல்லும். படலத்துல பாதி மின்னூட்டம் போயிருந்தாலும் மீட்டர்ல அதே ரீடிங்தான் வரும்.

[திரையில்: அயன் டிப், நெருக்கத்தில்]

சரி, அயனோட சூட்டைக் குறைச்சு வச்சா போதுமா? போதாது, அதுதான் இன்னும் ஆபத்து. 63/37 ஈயம், அதாவது 63% வெள்ளீயமும் 37% காரீயமும் கலந்த சால்டர் கம்பி, 183 டிகிரி செல்சியஸ்ல உருகும். அயன் சூடு பத்தலைன்னா ஈயம் ஓடுற வரைக்கும் டிப்பை அழுத்திக்கிட்டே இருப்போம். அத்தனை நேரமும் சூடு உள்ளே இறங்கும். 330-லிருந்து 350 டிகிரிக்குள்ள வச்சு, ஒரு இணைப்பை 2 வினாடிக்குள்ள முடிச்சு எடுத்துடுங்க. ஊசி மாதிரி டிப் வேண்டாம், அதுல சூடு சீக்கிரம் கடத்தாது. சின்ன உளி முனை டிப் நல்லது.

அந்த 2 வினாடியில முடியணும்னா, முன்வேலை எல்லாம் முடிஞ்சிருக்கணும். மெல்லிசான வயரா எடுத்து, நுனியைச் சீவி, ஈயம் பூசி, அந்த நுனி 1 மி.மீ. மட்டும் நீட்டியிருக்கிற அளவுக்கு வெட்டி வையுங்க. கேப்ஸ்யூலோட பின்பக்கம் வயரை இணைக்கிற உலோகத் திட்டு, அதாவது பேடு, அதுல பெரும்பாலும் ஏற்கனவே ஈயம் இருக்கும். வயரை அது மேல வச்சு, டிப்பைத் தொட்டு, எடுத்துடணும், அவ்வளவுதான். ஈயம் சரியா ஓடலையா? அங்கேயே நின்னு போராடாதீங்க. எடுத்துட்டு, கேப்ஸ்யூல் முழுசா ஆறின பிறகு மறுபடி வாங்க.

[திரையில்: துளையிட்ட அலுமினியத் துண்டு]

கேப்ஸ்யூலைப் பிடிக்க ஒரு தடிமனான அலுமினியத் துண்டு போதும். 9.7 மி.மீ. கேப்ஸ்யூல்னா 10 மி.மீ. துளை போட்டு, மைக்கோட வாய் கீழே பார்க்கிற மாதிரி உட்கார வையுங்க. சூடு கூட்டுல இருந்து அலுமினியத்துக்குப் போயிடும், ஈயம் நல்லா ஒட்ட உதவுற ஃப்ளக்ஸ் தெறிச்சாலும் மைக் வாய்க்குள்ள போகாது. வைஸ்ல வச்சு இறுக்காதீங்க, அந்தக் கூடு ரொம்ப மெல்லிசு, நசுங்கிடும்.

எந்தப் பேடு கூட்டோட இணைஞ்சிருக்கோ அதுதான் கிரவுண்ட். அதை முதல்ல முடிங்க. தொட்டுப் பார்த்தா சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும், அப்புறம் அடுத்தது. ஜேஃபெட்டுக்கு ஸ்டாட்டிக்கும் ஆகாது, அதனால எர்த் பண்ணின அயன்தான் வேணும். டப்பாவுல வர்ற ஃப்ளக்ஸ் பேஸ்ட்டைத் தடவாதீங்க, ஈயக் கம்பிக்குள்ள இருக்கிற ரோசின் ஃப்ளக்ஸே போதும். ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) ஊத்திக் கழுவவும் வேண்டாம்.

வேலை சரியா வந்துச்சான்னு பார்க்க, எப்பவும் கேப்ஸ்யூலை ஜோடியா வாங்குங்க. ரெண்டுக்கும் ஒரே தூரத்துல, போன்ல ஒரே டோனை ஓட விட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. சால்டர் பண்ணினது 6 டெசிபல் குறைவா இருந்தா, சிக்னல் பாதியாயிருக்குன்னு அர்த்தம். சால்டர் பண்ணாத கேப்ஸ்யூலோட கால்களை முதலை கிளிப்புல மாட்டிக்கலாம். இந்தச் சோதனைக்காகவே கால் வச்ச மாடலா வாங்குறது நல்லது.