பள்ளிக்கூடத்துப் புகை

அவைத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னை 'ஆப்பிரிக்க அறிஞர்' ஆக்கிவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியப் பெருமக்களே, மைக்கைப் பிடித்துக்கொண்டே நிற்கும் தம்பி, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பிள்ளைகளே, வணக்கம். நான் அறிஞன் இல்லை, கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு வடமேற்குக் கென்யாவில், துர்கானா பகுதியில், லோட்வாருக்குப் பக்கத்து ஊரில் ஒன்றரை வருடம் பாடம் நடத்தினேன், அவ்வளவுதான்.

மூன்று விஷயம் பேசப் போகிறேன்: சோறு, தண்ணீர், பெண் பிள்ளைகள்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். அந்தப் பத்தில் கல்வியும் ஒன்று. கென்யாவில் 2003-லேயே அரசுத் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். கட்டணம் போனது, பசி போகவில்லை. 2020 கடைசியிலிருந்து ஐந்து மழைப் பருவம் அடுத்தடுத்துப் பொய்த்தது. துர்கானா மக்களுக்கு நகை, நிலம், சேமிப்பு எல்லாமே ஆடும் ஒட்டகமும்தான். மேய்ச்சல் தேடி அப்பா மந்தையை ஓட்டிப் போனால் பையனும் கூடப் போவான்.

புகைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே பிள்ளைகள் மணிச் சத்தத்துக்கு வருவதில்லை. தூரத்தில் நின்று பள்ளிச் சமையல் கொட்டகையைப் பார்ப்பார்கள். புகை எழுந்தால் மக்காச்சோளமும் பீன்ஸும் வேகிறது என்று அர்த்தம். கையில் தண்ணீர் கேனோடு ஓடி வருவார்கள். புகை இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். ஒருமுறை லாரி வரவில்லை, பத்து நாளாகப் புகையும் இல்லை, வகுப்பில் ஏழு பேர். என் மூளைக்கு ஒரு யோசனை தோன்றியது. சமையற்கார அம்மாவிடம், "சும்மா அடுப்பை மூட்டுங்கள், பிள்ளைகள் வரட்டும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் மூட்டினார். அறுபது பேர் வந்துவிட்டார்கள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னம் நடத்தினேன். ஒரு ரொட்டியை நான்காகப் பங்கிடு என்று, பாருங்கள், ரொட்டியை வைத்தே நடத்தினேன். மதியம் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ஒரு சின்னப் பெண் கொட்டகைக்குள் போய்ப் பானையைத் தட்டிப் பார்த்தாள். டொங் என்றது. யாரும் அழவில்லை. தட்டை இடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுவாரம் லாரி வந்து நிஜப் புகை எழுந்தபோது மூன்று நாள் ஒருவரும் நம்பவில்லை.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்றேன். வாத்தியார் மீதுள்ள நம்பிக்கை பதினொன்றாவது.

அப்புறம் தண்ணீர். 2013-இல் அதே துர்கானாவில் உள்ள லோட்டிகிப்பி சமவெளியின் அடியில் பெரும் நிலத்தடி நீர் இருப்பதாகச் செய்தி வந்தது. தோண்டிச் சோதித்தால் உப்பு. அது தனிக் கதை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெண் பிள்ளைகளைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன்.

ஒன்றே ஒன்று. அங்கே அனுப்ப நோட்டும் பையும் சேகரிக்கிறோம் என்று போன மாதம் ஒருவர் சொன்னார். நல்ல மனசு. ஆனால் பசி வந்தால் பத்தும் பறக்கும், பையும் பறக்கும். வாசலில் ஒரு மஞ்சள் தண்ணீர் கேனின் வாயை அறுத்து உண்டியலாக வைத்திருக்கிறேன். மக்காச்சோள மூட்டைக்குத்தான். தயவு செய்து பேனா, பென்சில் போட்டுவிடாதீர்கள்.