ஆடிக்காற்று, வியாழக்கிழமை கூட்டம், 80 ரூபாய் விசில்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ட்ரோன் ஷாட் கிடையாது. காற்று விடவில்லை. பின்னால் கொட்டகை ஓலை படபடக்கிற சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆடி மாதத்தில் எங்கள் கடலோர ஊர் மண்டபம் இப்படித்தான் இருக்கும்.

வியாழக்கிழமை ராமநாதபுரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு, முகமூடி மாட்டி நீந்துகிற ஸ்நார்கெலிங், பலகையில் நின்று துடுப்புப் போடுகிற பேடில் போர்டு என்று காசு வாங்கிக்கொண்டு ஆளைக் கடலில் இறக்குகிற இடங்களுக்கெல்லாம் பாதுகாப்பு விதி எழுதப் போகிறார்களாம். அதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். நல்ல காரியம். இதற்காக நான் எத்தனை வீடியோவில் கத்தியிருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் வியாழக்கிழமை வைக்கலாமா? பாக் நீரிணையில் விசைப்படகு போவது திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்காரர்களுடையது. கயாக் விடுகிற கரையோரத் தண்ணீரை உள்ளங்கை ரேகை மாதிரி அறிந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் கடலில் இருக்கிற நாளாகப் பார்த்து நாள் குறித்திருக்கிறார்கள். அறையில் ரிசார்ட் முதலாளிகள், டிராவல்ஸ்காரர்கள், என்னை மாதிரி கேமரா தூக்கிகள் இரண்டு பேர். கயாக்கைத் தள்ளிவிட்டுக் கூடவே போகிற பையன்களில் ஒருவர்கூட இல்லை. போண்டா மட்டும் நன்றாக இருந்தது.

பேச்சு முழுக்க அலையைச் சுற்றியே ஓடியது. அலை இத்தனை அடிக்கு மேல் போனால் நிறுத்து, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் நிறுத்து. சரி, பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் யாரும் இறங்கப் போவதில்லை. கூண்டு ஏற்றாத நாளுக்கு என்ன செய்வது?

மறுநாள் சாயங்காலம் பிரப்பன்வலசைப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "கச்சான் அடிக்கிற அன்னைக்கு வடகடல் கரையோரம் சும்மா கிடக்கும் தம்பி. அதைப் பார்த்துத்தான் ஊர்க்காரப் பிள்ளைக இறங்குது. காத்து கரையில இருந்து கடலுக்குத் தள்ளுதுல்ல, வெளிய போகப் போகத்தான் தெரியும். திரும்புறப்ப கை ஓஞ்சிரும்." கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று, வடகடல் என்றால் பாக் நீரிணை. இந்த நான்கு வரி அந்த இரண்டு மணி நேரக் கூட்டத்தில் வரவில்லை. பெண்கடல் என்று பெயர் இருப்பதால் பாக் நீரிணை சாது என்று எல்லாருக்கும் நினைப்பு. தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் இதே காற்றில் அலை எழும்புவதால் பயந்து எவரும் இறங்குவதில்லை. ஆபத்து அமைதியான பக்கத்தில்தான்.

இங்கிலாந்தில் 1993 மார்ச்சில் லைம் விரிகுடாவில் நடந்தது இதுதான். பள்ளி மாணவர்களைக் கயாக்கில் கூட்டிப்போனார்கள், காற்று வெளியே தள்ளிவிட்டது, நான்கு பிள்ளைகள் இறந்துபோனார்கள். அங்கே வேலை பார்த்த பயிற்சியாளர்கள் இரண்டு பேர் முந்தைய ஆண்டே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள். எவரும் காது கொடுக்கவில்லை. நிறுவனத்தை நடத்தியவர் ஜெயிலுக்குப் போனார், 1995இல் தனிச் சட்டமே வந்தது. அதனால்தான் கேட்கிறேன், கருத்துக் கேட்கிற கூட்டத்தில் பயிற்சியாளர் பையன் எங்கே? முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவன் வாய் திறப்பானா என்பது வேறு. அவனைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் லைஃப் ஜாக்கெட். போன மாதம் ஓர் இடத்தில் காட்டினேனே, பக்கிள் உடைந்துபோய் வலை நூலால் முடிச்சுப் போட்ட ஆரஞ்சு ஜாக்கெட், அதைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். மேஜை மேல் வைத்ததும் எதிரே இருந்தவர் ஃபோனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். 2023இல் கேரளாவில் தானூர் படகு கவிழ்ந்து 22 பேர் போனபோது ஒரு வாரம் எல்லாரும் ஜாக்கெட் பற்றியே பேசினோம். அத்தோடு சரி.

இரண்டு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி விசில். ஆமாம், விசில். ஜாக்கெட்டில் விசில் கட்டாயம் என்று வரைவில் இருக்கிறது, எந்த விசில் என்று இல்லை. உள்ளே குண்டு உருள்கிற விசில் உப்புத் தண்ணீர் பட்டால் மாட்டிக்கொள்ளும், மண் புகுந்தால் ஊமை. குண்டு இல்லாத விசில் இருக்கிறது, ஊதினால் காது கிழியும். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து விளையாட்டுச் சாமான் கடையில் 120 சொன்னார், 80க்குப் பேசி முடித்தேன். இரண்டையும் டம்ளர் தண்ணீரில் முக்கி, கூட்டத்திலேயே ஊதிக் காட்டினேன். வாசலில் இருந்த வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார். அந்த அம்மா, கூட்டத்தை நடத்தியவர், சிரித்துக்கொண்டே "குண்டு இல்லாத விசில்" என்று எழுதிக்கொண்டார். நான் பார்த்தேன், பேனாவால் எழுதினார்!

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கையெழுத்து வாங்குகிற படிவத்தில் "எனக்கு ஏதாவது ஆனால் நிறுவனம் பொறுப்பல்ல" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்களே, அதே எழுத்தில் கடலோரக் காவல்படையின் அவசர உதவி எண் 1554ஐயும் அச்சடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை.

எழுத்தாகக் கருத்து அனுப்ப இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. நான் மூன்று கேட்கப் போகிறேன்: அடுத்த கூட்டம் விசைப்படகு போகிற நாளில், மண்டபத்திலோ பாம்பனிலோ, கடற்கரையிலேயே; கரையிலிருந்து கடலுக்குக் காற்று அடித்தால் துணைப்படகு இல்லாமல் கயாக் கிடையாது; பையன்களிடம் தனியாக விசாரணை. நீங்கள் கயாக் போன இடத்தில் காற்றுப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா என்று எனக்கு எழுதுங்கள், சேர்த்து அனுப்புகிறேன். அடுத்த வீடியோ காரங்காடு அலையாத்திக் காட்டுக்குள். காற்று விட்டால்.