யாரோடு வந்த காசு?

வணக்கம். பழங்காசு சேர்க்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "இது இப்போ என்ன விலைக்குப் போகும்?" என்பதுதான். நான் பேச வந்தது வேறொரு கேள்வியைப் பற்றி. கல்யாண மண்டபத்தில் தெரியாத முகத்தைப் பார்த்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்களே, "தம்பி யாரோட வந்திருக்கு?" என்று. அந்தக் கேள்வி.

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தின் பழைய நான்கு திராக்மா காசு ஒன்றைப் பார்ப்போம். திராக்மா என்பது அந்தக் காலத்துக் கிரேக்கப் பண அலகு. 17 கிராம் சொச்சம் வெள்ளி. அகலம் நம் ஐந்து ரூபாய்க் காசு அளவுதான், ஆனால் நல்ல தடிமன். ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த ஏதீனா தெய்வம். மறுபக்கம் நம்மையே முறைத்துப் பார்க்கிற ஓர் ஆந்தை, அதன் முதுகுக்குப் பின்னால் ஒலிவ இலையும் பிறையும். ஏதீனாவின் கவசக் குஞ்சம் பெரும்பாலும் முழுசாக விழுந்திருக்காது. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் வெள்ளி வில்லை, ஓங்கி ஒரு சம்மட்டி அடி. வில்லையோ அச்சைவிடச் சிறியது. சில காசுகளில் ஆழமான உளிவெட்டு இருக்கும். உள்ளே செம்பு வைத்து ஏமாற்றுகிறார்களா என்று அந்தக் காலத்து வியாபாரி வெட்டிப் பார்த்தது. நம் ஆசாரி நகையை உரசிப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

சரி, இவ்வளவும் காசு தானே சொல்கிறது. எந்த ஆண்டு அடித்தது என்பதை மட்டும் சொல்லாது. அதற்குத்தான் புதையல் வேண்டும். ஒரே பானையில் கிடந்த காசுகளில் எது தேய்ந்தது, எது புத்தம் புதுசு என்று பார்த்து, கடைசியாக உள்ளே போனது எது என்று கண்டுபிடித்தால், பானை புதைந்த காலம் தோராயமாகத் தெரிந்துவிடும். போருக்குப் பயந்து புதைத்தவர்கள் எத்தனையோ பேர். அதில் உயிரோடு திரும்பி வந்தவன் தன் பானையைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். நமக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் வராதவன் பானை.

1984இல் துருக்கியில் எல்மாலி என்ற ஊருக்குப் பக்கத்தில், உலோகம் கண்டறியும் கருவியோடு போனவர்களுக்குச் சுமார் 1,900 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அதில் ஏதென்ஸின் பத்து திராக்மா காசுகள் பதினான்கு. ஒவ்வொன்றும் 43 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, ஆந்தை சிறகை விரித்து நேருக்கு நேர் நிற்கும். அதுவரை உலகம் முழுவதும் சேர்த்தே ஒரு டஜன் அளவுக்குத்தான் தெரிந்திருந்தன. பாரசீகரை வென்ற மாரத்தான் போரையொட்டியோ சலாமிஸ் போரையொட்டியோ அடித்தவை என்று முன்பு சொல்லிவந்தார்கள். எல்மாலியில் கூடக் கிடந்த காசுகளைப் பார்த்த பிறகு, அந்தப் போர்களுக்குப் பிந்திய கி.மு. 460களுக்குக் கொண்டுவந்தார்கள் பல அறிஞர்கள். கூட்டாளிகள் காட்டிக்கொடுத்த வயது!

ஆனால் அந்தப் புதையல் நாட்டை விட்டுக் கள்ளத்தனமாக வெளியேறிவிட்டது. பெரும்பகுதியை அமெரிக்கக் கோடீஸ்வரர் வில்லியம் கோக் என்பவரும் அவர் கூட்டாளிகளும் முப்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். துருக்கி வழக்குப் போட்டு, பத்தாண்டு இழுத்து, 1999இல் 1,661 காசுகள் திரும்பின. மீதியில் சில யார் அலமாரியில் இருக்கின்றனவோ.

புதையல் கதையையே போலியாகக் கட்டிவிடுவதும் உண்டு. 1988இல் 'கருங்கடல் புதையல்' என்று சின்னச் சின்ன வெள்ளிக் காசுகள் சந்தைக்கு வந்தன. பலரும் வாங்கினார்கள். பிறகு பார்த்தால், எல்லாம் நம் காலத்தில் அடித்த போலி.

நம் பக்கமும் கிரேக்கக் காசுகள் வந்து சேர்ந்திருக்கின்றன. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்தவற்றை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி பதிவு செய்திருக்கிறார். ஆற்றுமணலுக்கு இது யாரோடு வந்தது என்ற ஞாபகம் ஏது?

என்னிடமும் ஒன்று இருக்கிறது. அலெக்சாண்டர் பெயரில் அடித்த ஒரு திராக்மா, 4 கிராம் சொச்சம். சிங்கத்தோல் போர்த்திய கிரேக்க வீரன் ஹெராக்ளிஸ், மூக்கு நுனி மட்டும் தேய்ந்திருக்கும். பல வருடம் முன்பு ஒரு கண்காட்சியில் வாங்கினேன். "எங்கே கிடைத்தது?" என்று கேட்டதற்கு, "பழைய கலெக்‌ஷன் சார்" என்று சொல்லிவிட்டுச் சில்லறையை எண்ண ஆரம்பித்தார் விற்றவர். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் வாங்க முடியாமல் போய்விடுமே என்ற பயம்தான்.