மூன்று பறவைகளும் பன்னிரண்டு மீட்டர் மலைகளும்

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் செவ்வியல் இசையையும் நிலக்காட்சி ஓவியத்தையும் எப்படி அறிமுகப்படுத்துவது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். வழக்கமாக நாம் எங்கே தொடங்குகிறோம்? 'பீத்தோவன் 1770இல் பிறந்தார். பிற்காலத்தில் அவருக்குக் காது கேட்காமல் போனது.' பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஒரு சுரம்கூட இன்னும் காதில் விழவில்லை. அதற்குள் பீத்தோவன் பாடமாகிவிட்டார். என் கட்சி இதுதான்: பெயரும் ஆண்டும் பிறகு வரட்டும். முதலில் பிள்ளைகள் கேட்கட்டும், பார்க்கட்டும்.

பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியை, அதாவது பல கருவிகள் சேர்ந்து வாசிக்கும் அவருடைய நீண்ட இசைப்படைப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். 'பாஸ்டொரல்', அதாவது நாட்டுப்புறத்தைச் சார்ந்தது, என்பார்கள். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் அரங்கேறியது. ஐந்து பகுதிகள், ஏறக்குறைய 40 நிமிடம். வகுப்பில் முழுதாகப் போட்டால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இரண்டாம் பகுதியின் கடைசி ஓரிரு நிமிடங்கள் போதும். ஓடைக்கரைக் காட்சி அது. மற்றக் கருவிகள் ஒதுங்கிக்கொள்ள, புல்லாங்குழல் நைட்டிங்கேலாகவும், ஓபோ காடையாகவும், கிளாரினெட் குக்கூவாகவும் கூவுகின்றன. எது எந்தப் பறவை என்று சொல்லிவிடாதீர்கள். 'எத்தனை பேர் பேசிக்கொள்கிறார்கள்?' என்று மட்டும் கேளுங்கள். மறுபடி போடுங்கள். ஒருவர் மட்டும் இரண்டே சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதை மூன்றாம் தடவை யாராவது ஒரு பிள்ளை பிடித்துவிடும்.

அப்புறம் நான்காம் பகுதி, புயல். செல்லோக்கள் என்னும் பெரிய நரம்புக் கருவிகள் ஒரு தட்டுக்கு ஐந்து சுரம் வாசிக்கையில், அவற்றைவிடப் பெரிய டபுள் பேஸ்கள் அதே தட்டுக்கு நான்கு சுரம் வாசிக்கின்றன. இரண்டும் பொருந்தாமல் உரசுவதில்தான் அந்தக் கலங்கலான உறுமல் பிறக்கிறது. டிம்பனி முரசுக்கு இந்தச் சிம்பொனியில் வேறெங்கும் வேலை கிடையாது, இடிக்காகவே காத்திருக்கிறது. உறுமலைப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். பாதிப் பேர் மேசையில் ஐந்து ஐந்தாகவும், மீதிப் பேர் நான்கு நான்காகவும் தட்டட்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

ஒன்றில் கவனம் வேண்டும். 'இந்த இசை ஓடையைச் சொல்கிறது' என்று விடையை முன்கூட்டியே கொடுத்தால், பிள்ளை இசையை விட்டுவிட்டு ஓடையைத் தேடும். பீத்தோவனே இந்தப் படைப்பைச் சித்திரம் என்பதைவிட உணர்வின் வெளிப்பாடு என்றுதான் குறித்துவைத்தார்.

ஓவியத்துக்கு வருவோம். ப்ரூகல் 1565இல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்' அதே வியன்னாவில்தான் இருக்கிறது. மூன்று வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகைக் காட்டியபடி நடக்கிறார்கள். கிடைத்த வேட்டை ஒரே ஒரு நரி. கீழே, உறைந்த குளங்களில் எறும்பளவு மனிதர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். படத்தைப் பெரிதாகக் காட்டிவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். பிள்ளைகளால் முடியும், நமக்குத்தான் கஷ்டம். தூரத்தில் ஒரு வீட்டின் புகைபோக்கி தீப்பிடித்து எரிவதை நாம் பார்ப்பதற்கு முன் அவர்கள் பார்த்திருப்பார்கள். அதன் பிறகு கேளுங்கள்: கிட்டே என்ன நிறம், தூரத்தில் என்ன நிறம்? தொலைவை வண்ணத்தால் காட்ட முடியும் என்பது அப்போது தானாகவே புரியும்.

இரண்டு கலைகளுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது, சீனச் சுருள் ஓவியம். வாங் சிமெங் 1113இல் வரைந்த 'ஆயிரம் லி ஆறுகளும் மலைகளும்' (லி என்பது சீனத் தொலைவு அளவு) அரை மீட்டர் உயரம், ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். அப்போது அவருக்கு வயது 18. மேல்வகுப்புப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். இவ்வகைச் சுருளைச் சுவரில் மாட்டிப் பார்ப்பதில்லை. வலமிருந்து இடமாகக் கொஞ்சம் விரித்து, பார்த்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். மலை வந்து போகும், நீர்வெளி வரும், மறுபடி மலை. கடந்ததை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்ததைப் பார்க்கிறோம். இசையைக் கேட்பதும் இப்படித்தானே? நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்ற தொல்காப்பியம், கருப்பொருள் வரிசையில் பறவையோடு யாழையும் வைத்தது. நமக்கு இது அந்நியமான யோசனையே இல்லை.

இசையை ஓடவிட்டுக்கொண்டே வரையச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கை வேலையில் இறங்கியதும் காது ஓய்ந்துவிடும். தனித்தனியே செய்யுங்கள்.

வரைவதற்கு ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளைப் பின்பற்றலாம். 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் அவர் வானத்தை மட்டுமே திரும்பத் திரும்ப வரைந்தார். மேகம் காத்திருக்காது என்பதால் வேகமாக வரைவார். பல படங்களின் பின்பக்கம் தேதி, நேரம், காற்றின் போக்கு எல்லாம் எழுதியிருக்கும். பிள்ளைகளுக்கும் உள்ளங்கையளவு தாள், பத்து நிமிடம், வானம் மட்டும். பின்னால் தேதி, மணி, காற்று. மதிப்பெண் போடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து எல்லாத் தாள்களையும் கலைத்துப்போட்டு, பின்பக்கத்தைத் திருப்பாமல் காலை வானம் எது, மாலை வானம் எது என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். சண்டை வரும். தடுக்காதீர்கள், அது நிறத்தைப் பற்றிய சண்டையாகத்தான் இருக்கும்.

நன்றி, வணக்கம்.