சர்வாதிகாரியை விரட்ட வெளிநாட்டுப் படை வரலாமா?

[திரையில்: ஆளில்லாத தெரு, கறுப்பு வெள்ளைப் படம்]

1979 ஜனவரி 7. கம்போடியத் தலைநகர் ப்னோம் பென்னுக்குள்ள வியட்நாம் படை நுழையுது. ஊர் வெறிச்சோடிக் கிடக்கு. 1975 ஏப்ரல்லயே நகரத்து ஜனங்களைக் கூண்டோட வயக்காட்டுக்கு விரட்டிட்டாங்க, அப்போ ஆட்சியைப் பிடிச்ச போல் போட்டோட கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜ்காரங்க. படையோட வந்த படப்பிடிப்பாளர்களுக்கு எங்கிருந்தோ பிண வாடை. அதைப் பிடிச்சுக்கிட்டே போனா, ஒரு பழைய பள்ளிக்கூடம். வகுப்பறைக்குள்ள இரும்புக் கட்டில், அதுல விலங்கு மாட்டின சடலம். துவோல் ஸ்லெங் சிறை வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது இப்படித்தான்.

போல் போட்டோட அந்த ஆட்சியில செத்தவங்க 15 லட்சத்துல இருந்து 20 லட்சம் வரைன்னு கணக்கிடறாங்க. அதை நிறுத்தினது எந்தத் தீர்மானமும் கிடையாது, எல்லை தாண்டி வந்த பக்கத்து நாட்டுப் படை.

சரி, உலகம் கை தட்டுச்சா? அதே வருஷம் செப்டம்பர்ல ஐ.நா. பொதுச் சபையில ஓட்டெடுப்பு. கம்போடியாவோட நாற்காலி யாருக்குன்னு கேள்வி. 71 நாடுகள் போல் போட் தரப்புக்கே கை தூக்குச்சு!

[திரையில்: ஐ.நா. சாசனம், பிரிவு 2(4)]

இதுக்குப் பின்னால பனிப்போர் அரசியல் நிறைய. ஆனா சட்டமும் இருந்துச்சு. இன்னொரு நாட்டு மேல படையை ஏவக் கூடாதுன்னு ஐ.நா. சாசனம் சொல்லுது. தற்காப்புக்கு விலக்கு உண்டு, பாதுகாப்புச் சபை அனுமதிச்சா உண்டு. ‘அந்த ஆள் கொடுங்கோலன்’ங்கிறது விலக்குல வராது. வந்தா என்ன ஆகும்? பலசாலி நாடு தனக்கு ஆகாதவனுக்கெல்லாம் அந்தப் பட்டத்தைக் கட்டிட்டு உள்ள புகுந்துரும். வியட்நாமே தன் எல்லைக் கிராமங்களைக் கெமர் ரூஜ் தாக்கினதைத்தான் காரணமா முன்னால வெச்சுது.

அப்போ அது சுயநலம்தானேன்னு கேப்பீங்க. இருக்கட்டுமே. விலங்கோட கிடக்கிறவனுக்குக் கதவை உடைக்கிறவனோட மனசு சுத்தமா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நான் கேக்கிறது வேற. கதவை உடைச்சாச்சு, மறுநாள் காலையில அந்த ஊர்ல போலீஸ் யாரு, சம்பளம் யார் போடுவாங்க?

இராக்கைப் பாருங்க. 2003 ஏப்ரல் 9 அமெரிக்கப் படைகிட்ட பாக்தாத் விழுந்துச்சு. படையெடுக்கக் காரணமாச் சொன்ன பேரழிவு ஆயுதம் கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல. அதை விடுங்க, இராக்கை ஆண்ட சர்வாதிகாரி சதாம் உசேனை விரட்டினது சரின்னே வெச்சுக்குவோம். மே 23 அன்னிக்கு அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் ‘உத்தரவு எண் 2’ போடறாரு: இராக் ராணுவம் கலைக்கப்படுது. லட்சக்கணக்கான பேருக்கு ஒரே கையெழுத்துல வேலை போச்சு. துப்பாக்கி பிடிக்கத் தெரியும், வீட்ல உலை வைக்க வழியில்ல. அவங்க தெருவுல இறங்கிக் கத்தின பிறகு, ஒரு மாசம் கழிச்சுத்தான் உதவித்தொகை அறிவிப்பே வந்துச்சு. அதுக்குள்ள எத்தனை பேர் எந்தப் பக்கம் போனாங்களோ. பின்னாடி ஐ.எஸ். அமைப்புல தளபதிகளா நின்னவங்கள்ல பழைய சதாம் ராணுவ அதிகாரிகள் பல பேர்.

[திரையில்: லிபியா வரைபடம்]

லிபியாவுல நடைமுறை சுத்தம். 2011 மார்ச் 17, பாதுகாப்புச் சபைத் தீர்மானம் எண் 1973. ஆதரவு 10, எதிர்ப்பு பூஜ்யம், இந்தியா உட்பட 5 நாடுகள் ஒதுங்கிக்கிச்சு. பொதுமக்களைக் காக்க எதை வேணா செய்யலாம், ஆனா ஆக்கிரமிப்புப் படை கூடாது. கேக்க நல்லாத்தான் இருக்கு. அமெரிக்காவும் கூட்டாளி நாடுகளும் வானத்துல இருந்து குண்டு போட்டாங்க, அக்டோபர் 20 லிபியாவை ஆண்ட கடாஃபி கொல்லப்பட்டார், தரையில பொறுப்பேற்க ஆள் இல்ல. ஆயுதக் குழுக்கள் ஊரைப் பங்கு போட்டுக்கிச்சு. மறுநாளுக்குத் திட்டம் போடாததுதான் தன் ஆட்சியோட பெரிய தப்புன்னு பின்னாடி ஒபாமாவே ஒத்துக்கிட்டார்.

மக்களைக் காக்கன்னு ஆரம்பிச்சது ஆட்சி மாத்தத்துல முடிஞ்சதுக்கு விலை குடுத்தது சிரியாக்காரங்களும்தான். அதே அக்டோபர்ல, சிரியா அரசு தன் மக்களை ஒடுக்குறதைக் கண்டிக்கிற தீர்மானம் பாதுகாப்புச் சபைக்கு வந்தப்போ, ரஷ்யா லிபியாவைக் காட்டியே வீட்டோ (தீர்மானத்தைத் தடுக்கிற ஓட்டு) போட்டுச்சு. சீனாவும் கூட நின்னுச்சு.

“அப்போ யாரும் எங்கயும் போகவே வேண்டாம்”னு சொல்லிட முடியுமா? 1994, ஆப்பிரிக்காவுல ருவாண்டா, இனப்படுகொலை. 100 நாள்ல சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டாங்க. ஐ.நா. படை அங்கயே இருந்துச்சு, கிட்டத்தட்ட 2,500 பேர். கொலை ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல அதை 270 ஆக்குறதுன்னு பாதுகாப்புச் சபை முடிவெடுத்துச்சு. தலையிடாம இருக்கிறதும் ஒரு முடிவுதான், அதுக்கும் யாரோ கை தூக்கணும்.

இருந்து பொறுப்பேத்துக்கிட்டா மட்டும் நல்ல பேர் வந்துருமா? வியட்நாம் இருந்துச்சு. 1989 செப்டம்பர் வரைக்கும், பத்து வருஷத்துக்கும் மேல, தனக்கு வேண்டியவங்களை ஆட்சியில உக்கார வெச்சு.

[திரையில்: ப்னோம் பென், இன்று]

ஜனவரி 7 இன்னிக்கும் கம்போடியாவுல அரசு விடுமுறை. இனப்படுகொலையை வென்ற நாள்னு அரசு கொண்டாடுது. வியட்நாம் ஆக்கிரமிப்பு தொடங்கின நாள்னு அதே ஊர்லயே சொல்றவங்களும் இருக்காங்க.