மீன் சாகவில்லை என்பது பதிலாகாது

(மதுரையில் விலங்கியல், வேதியியல் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

கண்மாயில் மீன் செத்து மிதந்தால், "எவனோ மருந்தைக் கலந்துட்டான்" என்று ஊர் உடனே முடிவு கட்டிவிடும். சில நேரம் அது உண்மைதான். பல நேரம் சாக்கடைதான் காரணம். அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தண்ணீரின் ஆக்சிஜனைக் காலி செய்துவிட, விடியற்காலையில் மீன் மூச்சுத் திணறிச் சாகும். சரி, மீன் சாகவில்லை என்றால் தண்ணீர் நல்லதா? அதுவும் இல்லை. ஒரு பொருளின் எந்த அளவில், 96 மணி நேரத்துக்குள், பாதி மீன்கள் சாகின்றன என்று பார்ப்பது எங்கள் துறையான சுற்றுச்சூழல் நச்சியலின் பழைய சோதனை. தேவையான சோதனைதான். ஆனால் நாலு நாள் தாக்குப்பிடித்த மீன் அப்புறம் முட்டையிடாமல் போனால், அது இந்தக் கணக்கில் வராது.

பாறு கழுகுகளின் கதையைச் சொல்கிறேன். 1990களில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் எங்கும் அவை கூட்டம் கூட்டமாக மறைந்தன. செத்த பறவைகளை அறுத்தால், உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிந்தது, கெடுத்தது எது? கிருமியைத் தேடினார்கள், பூச்சிக்கொல்லியைத் தேடினார்கள், கன உலோகங்களைத் தேடினார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு, மாட்டு வைத்தியர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் போய், மாடுகளுக்கு என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தது. டைக்ளோஃபெனாக் அகப்பட்டது. மாட்டின் வலியைத் தீர்த்த ஊசிமருந்து, அந்த மாடு செத்த பிறகு தின்ன வந்த கழுகைக் கொன்றிருக்கிறது. 2004இல் கட்டுரை வந்தது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. மெலாக்சிகாம் என்ற மாற்று இருந்ததால்தான் தடை எளிதானது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்ததால், 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைக்க வேண்டியிருந்தது.

எந்த மீன் தொட்டியும் இதைக் காட்டியிருக்காது. பறவையியலாளர், நோய்க்கூறு மருத்துவர், வேதியியலாளர், கடைக்காரர் எல்லோரும் தேவைப்பட்டார்கள். 1979இல் அமெரிக்காவில் தொடங்கிய சீடாக் என்ற சுற்றுச்சூழல் நச்சியல், வேதியியல் சங்கம் இதற்காகத்தான் பல்கலைக்கழகம், அரசு, தொழில்துறை மூன்றையும் சமமாக உட்கார வைக்கிறது. ஆலைக்காரரைச் சேர்த்தால் ஆய்வாளர் வாயை அடைத்துவிட மாட்டாரா என்று கேட்பீர்கள். அந்த ஆபத்து இருக்கிறது. ஆனால் எந்த ரசாயனம் எவ்வளவு போகிறது என்ற கணக்கு அவர் கையில் இருக்கிறது. அவரை மேடையேற்றிச் சபை நடுவே குறுக்குக் கேள்வி கேட்பதே மேல் என்பது என் கட்சி. பணம் யார் கொடுத்தது என்பதைக் கட்டுரையிலேயே போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைச் சுற்றிக் கிணற்றுநீரை எடுக்கப்போகும் மாணவர்கள் இங்கே இருப்பீர்கள். குரோமியம் என்ற உலோகம் இரண்டு வடிவங்களில் வரும். தோலைப் பதனிடப் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். ஆறு இணைதிறன் குரோமியம் அதைவிடப் பல மடங்கு கொடியது, செல்லுக்குள் எளிதாக நுழையும், புற்றுநோய் தரும். மண்ணின் நிலையைப் பொறுத்து ஒன்று மற்றொன்றாக மாறவும் கூடும். ஆகவே ஆய்வகம் "மொத்தக் குரோமியம் இவ்வளவு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மூன்று எவ்வளவு, ஆறு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.